விண்ணப்பமும் வினாவும்

ஆட்சியாளரை அணுகக் குடிமக்களுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று விண்ணப்பம்; மற்றொன்று வினா. விண்ணப்பம் குறையை எடுத்துரைத்துக் கருணையை வேண்டுவது. வினா கணக்குக் கேட்பது. விண்ணப்பத்தைப் பெற்றவர் அதனைப் படிக்கலாம்; படியாது ஒதுக்கியும் விடலாம். சபையில் முறைப்படி எழுப்பப்பட்ட வினாவின் நிலை வேறு. அதற்கு விடை கூறப்படவேண்டும்; கூறிய விடை ஏட்டில் பதிவாகவேண்டும். பதிவான விடையைக் கூறியவர் பின்னர் எளிதில் மறுத்துவிட முடியாது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரமே அடிமைக் குடிக்கும் உரிமைக் குடிக்கும் இடையே உள்ள தூரம் எனலாம்.

கொழும்பு நகரம் விண்ணப்பங்களை நன்கு அறிந்த நகரம். புதுக்கடை நீதிமன்றங்களின் அருகிலும் கச்சேரி வாயில்களிலும் மேசையிட்டு அமர்ந்து, பிறருக்காகப் பெட்டிசம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தோர் பலர். கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய வடகொழும்புப் பகுதிகளில் துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர், தம் குறையைத் தமிழில் சொல்ல, எழுதுபவர் அதனை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பார். ‘மேன்மை தங்கிய துரை அவர்களின் பாதங்களில்’ என்ற பாணியில் அது தொடங்கும். அதன் பின்னர் அக்கடதாசிக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுவித்தவர் அறிய வழியில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆயினும் பால் கொடுப்பதும் கொடாததும் கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றிய கருவி சட்டமன்ற வினாவாகும். அதன் பிறப்பிடம் இங்கிலாந்து. 1720ஆம் ஆண்டில் தென்கடற் கம்பெனி என்ற வணிக நிறுவனம் வீழ்ச்சியுற்று, அதில் பணத்தை இட்டிருந்தோர் பலர் நிலைகுலைந்தனர். அக்கம்பெனியின் காசாளர் ரொபர்ட் நைட் என்பவர் நாட்டை விட்டுத் தப்பினார். அவர் பிரசெல்ஸ் நகரில் பிடிபட்டார் என்ற செய்தி உண்மையா என்று 1721ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு அரசாங்கத்தைக் கேட்டார். பதிவேடுகளில் காணப்படும் முதற் பாராளுமன்ற வினா இதுவே என்பர். பொதுமக்களின் பணம் போன இடத்தைத் தேடிப் பிறந்தது இவ்வினா என்பது கவனிக்கத்தக்கது. அன்று முதல் இன்று வரை, சபைகளில் கேட்கப்படும் நல்ல வினாக்களுட் பல பணம் சென்ற வழியையே தேடிச் செல்கின்றன.

நூறாண்டுக்கு மேலாக அது வழக்கமாகவே வளர்ந்தது. 1835ஆம் ஆண்டு முதல் வினாக்கள் முன்னறிவித்தலாக அச்சிடப்படலாயின. அச்சில் ஏறியதும் வினாவின் இயல்பே மாறிற்று. வாயாற் கேட்ட கேள்வியைக் கேளாதது போல் இருந்துவிடலாம். அச்சிட்ட கேள்வி நாடெங்கும் செல்லும். வினாக்கள் பெருகிச் சபையின் நேரம் போதாமற் போகவே, 1902ஆம் ஆண்டில் எழுத்துமூல விடை என்ற முறை ஏற்பட்டது. நேரம் மிச்சப்படுத்த வந்த இம்முறை வேறொரு நன்மையையும் தந்தது. நாவன்மை மிக்க மந்திரி ஒருவர் வாய்மொழி விடையில் ஒரு நகைச்சுவையைச் சொல்லித் தப்பிவிடலாம். எழுத்து விடையில் சபையின் சிரிப்பு துணைக்கு வராது. எண்ணைக் கேட்டால் எண்ணையே எழுதவேண்டும்.

இந்தியாவுக்கு இவ்வுரிமை சிறுகச் சிறுக வந்தது. 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டமே அங்கத்தவர்க்கு வினாக் கேட்கும் உரிமையை முதன்முதலாக வழங்கியது. 1893ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிங்கா அரசர் எழுப்பிய முதல் வினா, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பண்டங்களைக் கொடுத்துத் துன்புறும் கிராமக் கடைக்காரரைப் பற்றியது. கேட்டவர் அரசர், கேட்கப்பட்டது சிறு கடைக்காரனுக்காக. எனினும் கிடைத்த விடையின் மேல் மற்றொரு கேள்வி கேட்க அன்று இடமில்லை. மேலதிகக் கேள்வி கேட்கும் உரிமை 1909ஆம் ஆண்டு மிண்டோ மார்லி சீர்திருத்தத்தோடு, அதுவும் வினாவை முதலில் எழுப்பியவர்க்கு மட்டும், வந்து சேர்ந்தது. அவ்வுரிமையின் அருமையை முற்றும் உணர்ந்து பயன்படுத்தியவர் புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையில் அமர்ந்த அவர், வினா நேரத்தின் அச்சம் என்று பெயர் பெற்றார். உயர் அதிகாரிகள் கோப்புகளை இருமுறை படித்துவிட்டே அவர் முன் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

இலங்கையின் கதை இவற்றினின்றும் சற்று வேறானது. கோல்புறூக் குழுவினரின் சிபார்சின்படி 1833ஆம் ஆண்டு சட்டநிரூபண சபை அமைந்தது. உத்தியோக அங்கத்தவர் ஒன்பதின்மர். உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவர். அறுவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர். வாக்கெடுப்பில் அரசாங்கம் தோற்பதற்கு வழியே வைக்கப்படவில்லை. அச்சபையில் பேச்சு இருந்தது, பொறுப்பு இல்லை. இராணுவச் செலவைப் பற்றிக் கேட்டும் பயன் காணாத நிலையில், 1864ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வோல், சாள்ஸ் லொறன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்றோர் பதவி துறந்து வெளியேறினர். விடை கூறும் கடமை இல்லாத இடத்தில் கேள்வி கேட்பவனுக்கு எஞ்சும் வழி எழுந்து செல்வது ஒன்றே என்பதை அவர்கள் காட்டினர்.

அரை நூற்றாண்டின் பின் வந்த மற்றொரு நிகழ்ச்சி, சபையில் எழுப்பப்படும் குரலின் மற்றொரு பயனைக் காட்டியது. 1915ஆம் ஆண்டு முஸ்லிம் மக்களுக்கு எதிராக எழுந்த கலவரத்தை அடக்க அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. கலவரம் ஓய்ந்த பின்னும் அச்சட்டத்தின் கொடுமை ஓயவில்லை. குற்றமற்றோர் பலரும் அதில் அகப்பட்டனர். படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றிருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், நிகழ்ந்தவற்றுக்குச் சபையில் கணக்குக் கேட்டார். பெரும்பான்மை அரசாங்கத்தின் கையிலேயே இருந்தமையால் அன்று அவர் வெல்லவில்லை. ஆயினும் அவர் உரைத்தவை சபை ஏட்டில் நின்றன. 1916ஆம் ஆண்டு இலண்டனில் நூலாகவும் வெளிவந்தன. சபைக்குள் தோற்ற குரல் சபைக்கு வெளியே வாழ்ந்தது. பதிவு என்பதன் பெருமை இதுவே.

1924ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால் 49 அங்கத்தவரைக் கொண்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்றோர் 37 பேராயினர். இந்தியத் தமிழர் முதலிய இந்திய வம்சத்தவர்க்கு இரு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுள் ஒன்றிற்கு 1925ஆம் ஆண்டு தெரிவாகி வந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய பத்திரிகையாளர் அவர், ‘தேசநேசன்’ என்ற இதழின் வாயிலாக எழுதியவர், ஏ. ஈ. குணசிங்காவுடன் கொழும்புத் தொழிலாளரிடையே உழைத்தவர். அயலார் நுழைய முடியாத தேயிலைத் தோட்டங்களுக்குள் துணி வியாபாரி போல வேடமிட்டுச் சென்று, தொழிலாளரின் வாழ்க்கையை நேரிற் கண்டறிந்தார் என்று மலையக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

அவ்வரலாற்றுக் குறிப்பு ஒரு பெரிய உண்மையை உணர்த்துகிறது. கேள்வி கேட்பதற்கு வாய் மட்டும் போதாது. கால் வேண்டும், கண் வேண்டும். தோட்டத்து லயத்தில் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், பேர் விழுந்த நாளுக்கு எவ்வளவு கூலி, அரிசிக்காக எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தவனே, அவற்றைப் பற்றி மறுக்க முடியாத வினாவைத் தொடுக்க முடியும். அறியாதவன் கேட்கும் கேள்விக்கு ‘அவ்வாறு ஒன்றுமில்லை’ என்ற விடை வந்தால், அவன் அமர்ந்துவிட வேண்டியதுதான். தெரிந்துகொண்டு கேட்பதே வினாவின் முதல் இலக்கணம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின்படி அரசாங்க சபை கூடிற்று. 50 தொகுதிகளின் பிரதிநிதிகள், நியமனம் பெற்ற எண்மர், அரச உத்தியோகத்தர் மூவர் என அது அமைந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் அது கட்டுப்பாடுகளோடு கிடைத்தது. காலிமுகத்திடலின் அருகே 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய மண்டபத்தில், முதன்முறையாக இந்நாட்டு மந்திரிகள் இந்நாட்டுப் பிரதிநிதிகளுக்கு விடை கூறினர். முதலாவது தொழில் மந்திரியாக அமர்ந்தவர் அற்றன் தொகுதியின் பெரி சுந்தரம். 1936ஆம் ஆண்டு முதல் அதே அற்றன் தொகுதியின் பிரதிநிதியாக நடேசய்யர் அமர்ந்தார். கூலி, பிரயாணக் கட்டுப்பாடு, தோட்டப் பாடசாலை, வேலை நீக்கம் முதலியன பற்றி அவர் இடைவிடாது அரசாங்கத்தை வினவினார். பெட்டிசத்தின் அடியில் கைநாட்டு வைத்து வந்த ஒரு மக்கட் கூட்டம், முதன்முறையாகத் தன் பிரதிநிதியின் வாயிலாகக் கணக்குக் கேட்டது.

ஆனால் சபையின் மொழி ஆங்கிலம். வினாவும் ஆங்கிலத்தில் எழுந்தது. விடையும் ஆங்கிலத்தில் வந்தது. ‘ஹன்சாட்’ என்னும் சபை ஏட்டிலும் ஆங்கிலத்திலேயே பதிவாயிற்று. யாருக்காகக் கேள்வி கேட்கப்பட்டதோ அவருக்கு விடை எட்டவில்லையாயின், அக்கேள்வி பாதி வழியில் நின்றுவிடும். இங்கேதான் தமிழ்ப் பத்திரிகையின் பணி தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள், ஆவணிப்பட்டியைச் சேர்ந்த சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார். 1932ஆம் ஆண்டு ‘தினகரன்’ வெளிவந்தது. ‘வீரகேசரி’யின் பெயரோடு நெடுங்காலமாக இணைந்து நிற்பது கிராண்ட்பாஸ் வீதி. களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறையாக இருந்தமையால் போர்த்துக்கேய மொழியில் பெயர் பெற்ற இடம் கிராண்ட்பாஸ். பண்டங்களும் பயணிகளும் கரை மாறிய அவ்விடத்தில், செய்திகளும் ஒரு மொழியின் கரையிலிருந்து மறு கரைக்கு வந்து சேர்ந்தன.

மலைநாட்டுத் தேநீர்க் கடைகளிலும் கொழும்புத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஒருவர் பத்திரிகையைப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும் வழக்கம் இருந்தது. பின்னர் வானொலி அப்பணியிற் பங்கு கொண்டது. சபையில் மந்திரி ஒருவர் கூறிய விடையைக் கேட்ட தொழிலாளி, ‘எங்கள் தோட்டத்தில் அப்படி நடக்கவில்லையே’ என்று சொன்னால், அச்சொல்லே அடுத்த வினாவின் வித்தாகும். ஆகவே நல்ல வினாவுக்கு மூவர் வேண்டும். கேட்கும் உரிமை உடையவர் ஒருவர். விடை கூறும் கடமை உடையவர் ஒருவர். விடையைக் கேட்டுச் சரிபார்ப்பவர் ஒருவர். இம்மூவருள் எவர் இல்லாவிடினும் வினா வெறும் சடங்காகிவிடும்.

1947ஆம் ஆண்டு சோல்பரித் திட்டத்தின்படி 101 அங்கத்தவரைக் கொண்ட பிரதிநிதிகள் சபை கூடியபோது, இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் அதில் அமர்ந்தனர். நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம் ஆகியோர் அவர்களுட் சிலர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டில் ஏறக்குறைய 7,80,000 இந்தியத் தமிழர் வாழ்ந்தனர். இத்தொகைக்கு எழுவர் மிகையல்லர். எனினும் எழுவர் இருந்தனர்.

அடுத்த இரண்டாண்டுகளுள் நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகள் அல்லாதாரின் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரின் இடத்தில் ஒருவரும் வரவில்லை. அதன் பின் 1977ஆம் ஆண்டு தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வெற்றி பெறும் வரை, கால் நூற்றாண்டுக் காலம் மலையகத் தமிழருக்குத் தேர்தலின் வழியாகத் தம் பிரதிநிதி ஒருவரைச் சபைக்கு அனுப்ப இயலவில்லை. இடையில் 1960, 1965 முதலிய ஆண்டுகளில் நியமன உறுப்பினராகச் சிலர் அமர்ந்தனர். நியமனம் ஆட்சியாளர் அளித்த இடம். தேர்தல் மக்கள் அளித்த இடம். இரண்டும் ஒன்றாகா.

இந்த இழப்பை வெறும் வாக்கின் இழப்பாக மட்டும் எண்ணுவோர் பாதியையே காண்கின்றனர். வாக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வருவது. வினா சபை கூடும் நாளெல்லாம் எழுவது. வாக்கோடு வினாவும் போயிற்று. இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் 1951ஆம் ஆண்டு ஓகஸ்டு வரை ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் தலைவிதி அவற்றுள் அடங்கியிருந்தது. முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர் மட்டுமே. ஒவ்வொரு விண்ணப்பமும் ஏன் நிராகரிக்கப்பட்டது, எத்தனை நாள் கிடந்தது, எந்தக் கடதாசி குறைந்தது என்று சபையில் எழுந்து கேட்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அங்கே இல்லை. எஸ். ஜே. வி. செல்வநாயகம், இடதுசாரித் தலைவர்கள் ஆகியோர் அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தனர். அதனை வரலாறு நன்றியோடு குறிக்கும். எனினும் அது இரவற் குரல். வினாவிலிருந்து அம்மக்கள் மீண்டும் விண்ணப்பத்துக்கே தள்ளப்பட்டனர். சட்டத்தின் பெயரே அதனைக் கூறியது. விண்ணப்பித்தால் மட்டுமே அவர்கள் குடிமக்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 மக்களை இரு அரசாங்கங்களும் எண்களாகப் பங்கிட்டபோது, அவர்களின் விருப்பம் யாது என்று சபையில் வினவத்தக்க அவர்தம் தெரிவுப் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோரின் துயர் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வினாவை இழந்தோர் இழந்தது எத்தகைய கருவி என்பதை உணர, அது செயற்படும் வகையை அறிதல் வேண்டும். அங்கத்தவர் ஒருவர் வினாவை முன்கூட்டியே எழுத்தில் கொடுப்பார். அது அறியும் நோக்குடையதாக இருத்தல் வேண்டும். வாதமோ வசையோ ஊகமோ அதில் இடம்பெறலாகாது. நீதிமன்றின் முன் உள்ள வழக்கும் பொருளாகலாகாது. நிலையியற் கட்டளைகளுக்கு அமைந்ததாயின் அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அதன் பின்னரே கண்ணுக்குப் புலப்படாத வேலை தொடங்குகிறது. வினாவின் பிரதி மந்திரியின் அலுவலகத்திலிருந்து திணைக்களத்துக்கும், அங்கிருந்து மாவட்டக் கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து ஊர் அலுவலருக்கும் இறங்குகிறது. பல ஆண்டுகளாகக் கட்டி வைத்திருந்த கோப்பு அவிழ்கிறது. தூசி தட்டப்படுகிறது. கணக்கு ஒத்து வரவில்லையாயின் அதனை மேலிடத்துக்கு எவ்வாறு எழுதுவது என்று ஓர் அலுவலர் விழிக்கிறார். விடை சபைக்கு வருமுன்னரே சில குறைகள் ஓசையின்றித் தீர்ந்துவிடுவதும் உண்டு. கேட்டதற்குக் கிடைத்த முதற் பயன் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கிராண்ட்பாஸின் ஓரத்தில், களனி கங்கையின் அருகே, நாகலகம் வீதியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல் உண்டு. கொழும்பின் வெள்ள அபாயத்தை அதன் அடிக்கணக்கைக் கொண்டே மதிப்பிடுவர். 1947ஆம் ஆண்டு ஓகஸ்டுப் பெருவெள்ளத்தில் நீர்மட்டம் அங்கே ஏறக்குறைய பதின்மூன்று அடியைத் தொட்டது. அவ்வட்டாரத்தின் பிரதிநிதி ஒருவர் சபையில், ‘வெள்ளத்தைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்தது?’ என்று கேட்டால், ‘வேண்டிய நடவடிக்கைகள் யாவும் எடுக்கப்பட்டு வருகின்றன’ என்ற விடை வரும். கேட்டவரும் அமர்வார், சொன்னவரும் அமர்வார், வெள்ளம் மறுபடியும் வரும். அதனையே வேறு விதமாகக் கேட்கலாம். அளவுகோலில் நீர் எத்தனை அடி ஏறினால் மக்களுக்கு எச்சரிக்கை விடப்படுகிறது? கடந்த முறை எச்சரிக்கை விட்ட நேரம் யாது? கரையணையின் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு? இறைக்கும் இயந்திரங்கள் எத்தனை, அவற்றுள் இயங்குவன எத்தனை? இவ்வினாக்களுக்கு எண்ணும் நாளும் கூறாமல் தப்ப முடியாது. ஆற்றை அளக்கக் கோல் நட்டது போல, ஆட்சியை அளக்க நட்ட கோல் வினா. கோலில் அடிக்கணக்குக் குறித்திராவிடின் அது வெறுந் தடி.

நுட்பமான வினா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்தியப் பாராளுமன்றத்தின் ஒரு நிகழ்ச்சி சான்று. 1957ஆம் ஆண்டு சூன் மாதத்தில், அரசாங்கத்தின் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாவுக்குப் பங்குகளை வாங்கிற்று. மக்கள் தம் முதுமைக்கும் மனைவி மக்களுக்கும் எனச் சேமித்த பணம் அது. அவ்வாண்டு செப்டெம்பரில் டாக்டர் இராம் சுபக் சிங் லோக சபையில் இதுபற்றி வினவினார். கிடைத்த விடை ஐயத்தைத் தீர்க்கவில்லை. நவம்பரில் மறுபடியும் வினவினார். வினாவும் மேலதிக வினாவும் சேர்ந்து மெல்ல மெல்லத் திரையை விலக்கின. டிசெம்பர் 16ஆம் நாள் பெரோஸ் காந்தி, விடைகளையும் கணக்குகளையும் அருகருகே வைத்துச் சபையில் விரிவாகப் பேசினார். பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் எம். சி. சாக்ளா விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். 1958ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இதில் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கேட்ட இருவரும் எதிர்க்கட்சியினர் அல்லர். ஆளுங் காங்கிரசைச் சேர்ந்தோர். பெரோஸ் காந்தியோ பிரதம மந்திரி நேருவின் மருமகன். மந்திரி தம் கட்சிக்காரர் என்பதற்காக அவர்கள் வாய் மூடவில்லை. வினா கட்சியின் ஆயுதம் அன்று, சபையின் கடமை. ஆளுங் கட்சியில் இருக்கும்போது மறந்து, எதிர்க்கட்சிக்குச் சென்றதும் நினைவு கூரும் உரிமையாக அது சுருங்கிவிடும் இடங்களில், அதன் கூர் மழுங்கிவிடும்.

வினாவுக்குப் பகையும் உண்டு. ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று கூறிக் காலத்தைக் கடத்தலாம். ‘பொதுநலன் கருதி வெளியிட இயலாது’ என்று மறுக்கலாம். கேட்டது ஒன்றிருக்க, நூறு பக்க அட்டவணையைக் கொடுத்து உண்மையை அதனுள் புதைக்கலாம். சபை கலைக்கப்பட்டால் விடை பெறாத வினாவும் அதனோடு மறைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றே: மறவாமை. கேட்டவர் மீண்டும் கேட்கவேண்டும். அவர் மறந்தால் அவரை அனுப்பிய மக்கள் நினைவூட்டவேண்டும்.

இன்று ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் கூடும் பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர் உளர். அங்கே தமிழில் வினா எழுப்பலாம்; வாய்மூல விடையோ எழுத்துமூல விடையோ கோரலாம். கட்சித் தலைவர்கள் அவசர காரியங்களுக்காக விசேட அறிவித்தலோடு வினவவும் இடமுண்டு. அதற்கு மேலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்தப் பிரசையும் பொது அலுவலகம் ஒன்றிடம் தானே எழுத்தில் தகவல் கோரலாம். தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கேட்பதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை.

ஒரு காலத்தில் கிராண்ட்பாஸிலிருந்து புதுக்கடைக்கு நடந்து சென்று, எழுதுபவர் முன் நின்று, கைநாட்டு வைத்துத் திரும்பிய தொழிலாளியின் பேரனும் பேர்த்தியும், இன்று தம் கையெழுத்தில் தம் மொழியில் தாமே வினவ முடியும். தம் வட்டாரத்து வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, பாடசாலைக் கூரையைத் திருத்தும் ஒப்பந்தம் யாருக்கு, அது முடியவேண்டிய நாள் எது என்று கேட்க முடியும். அவர்கள் பெற்ற விடையை எடுத்துச் சென்று சபையில் மேலும் வினவுவது பிரதிநிதியின் கடமை. மலையகத்தில் ஒரு தலைமுறை முழுவதும் கேட்க ஆளின்றி வாழ்ந்தது. அதன் விலையை அம்மக்கள் நிலத்தாலும் உறவாலும் கப்பலேறிய பயணத்தாலும் செலுத்தினர். வினாவின் பெறுமதி என்ன என்று கேட்போர்க்கு அவ்வரலாறே விடை. கேட்கும் உரிமை எளிதில் வரவில்லை. கேளாது விட்டால் எளிதிற் போய்விடும்.